ஆட்டமும் அடிமைத்தனமும்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், நம் சிற்றூர்களில் மாரியம்மன் கோயில் முன்றில்களுக்குத் தனியொரு களை வந்துவிடும். காப்புக் கட்டுவர், கம்பம் நடுவர், பூக்குழி இறங்குவர். அவற்றை விரும்பிக் காண்போரும் உண்டு, வெறுத்து ஒதுங்குவோரும் உண்டு. ஆனால் இரவானதும் நையாண்டி மேளம் முழங்கத் தொடங்கும். நாதசுரம் குழையும், தவில் அதிரும், பம்பை அதற்கு மறுமொழி பகரும். தலையிலே பூ அலங்காரம் கொண்ட குடம், குடத்தின் உச்சியிலே கிளி, காலிலே சலங்கை – கரகாட்டம் களத்தில் இறங்கும். மறுபுறம், வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பேற்றிய பறை, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பட்டு ஆர்க்கும். அடிப்பவனே ஆடுவான், ஆடிக்கொண்டே அடிப்பான். அந்த அடியைக் கேட்டுக் கால் துடிக்காதவர் எவர்? பக்தனின் காலும் துடிக்கிறது, பகுத்தறிவாளனின் காலும் துடிக்கிறது!

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. மாரியின் சீற்றத்தால் அம்மை வருகிறது என்னும் மடமையை நாம் மறுக்கிறோம். அம்மை நோய்களுள் கொடியதான பெரியம்மையை ஓட்டியது வேப்பிலையன்று, தடுப்பூசி. 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. அப்படியிருக்க, அந்த மாரியின் பெயரால் எடுக்கப்படும் விழாவுக்குள்ளே வளர்ந்த இந்த ஆட்டத்தை நாம் என் செய்வது?

இளைஞரிடையே இரு குரல்கள் கேட்கின்றன. "விழாவே வேண்டாம் என்கிறோம், விழாவோடு ஆட்டமும் தொலையட்டும்" என்கிறது ஒன்று. "ஆட்டம் தமிழனின் செல்வம், அதைப் போற்றுவோம், மற்றதைக் கண்டும் காணாமல் விடுவோம்" என்கிறது மற்றொன்று. முதற்குரலில் உறுதி இருக்கிறது; இரண்டாவதில் பற்று இருக்கிறது. இரண்டிலும் ஆடுகின்ற மனிதன் இல்லை! அவனை நடுவிலே நிறுத்தி வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை ஆராய்வோம்.

குடம் நிற்பது எவரால்?

கரகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சக்திக் கரகம். ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ குடத்தில் நீர் நிரப்பி, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, பூசாரியோ விரதம் இருந்தவரோ தலையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுவருவது. மற்றொன்று ஆட்டக் கரகம். இது மக்கள் கண்டு களிப்பதற்காகக் கலைஞர் ஆடுவது. முன்னதைத் தெய்வம் என்று வணங்குகிறார்கள். பின்னதை வேடிக்கை என்று பார்க்கிறார்கள்.

ஆட்டக் கரகத்தை ஏந்திய பெண்ணை உற்று நோக்குங்கள். கை தொடாமல் குடம் தலையில் நிற்கிறது. அவள் சுழல்கிறாள், குனிகிறாள், ஏணிமீது ஏறுகிறாள், தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிறாள், குடம் சாயவில்லை. எதனால்? இளமை முதலே கழுத்தைப் பழக்கியிருக்கிறாள். முதுகெலும்பை நிமிர்த்திப் பழகியிருக்கிறாள். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தவும், மேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் முன்னதாகவே உடலின் எடையை மாற்றவும் கற்றிருக்கிறாள். பயிற்சியில் எத்தனை குடங்கள் விழுந்திருக்கும்! எத்தனை முறை கழுத்து நொந்திருக்கும்! அத்தனைக்கும் பிறகு நிற்கிறது அந்தக் குடம்.

சக்திக் கரகத்தை ஏந்தி வருபவரும் அதே கழுத்தைக் கொண்டுதான் ஏந்துகிறார். அதே கால்களைக் கொண்டுதான் நடக்கிறார். ஆனால் அங்கே குடம் நின்றால் "அம்மன் அருள்" என்பார்கள். விழுந்தால் "ஏந்தியவன் குற்றம்" என்பார்கள். வரவெல்லாம் தெய்வத்தின் ஏட்டிலே, செலவெல்லாம் மனிதன் ஏட்டிலே! உழைப்பவன் ஒருவன், புகழ் பெறுவது வேறொன்று என்னும் இந்தக் கணக்கு, கோயில் முன்றிலோடு நிற்கும் கணக்கா? வயலிலே விளைந்ததற்கு வருணனுக்கு நன்றி கூறிவிட்டு, நாற்று நட்டவளுக்குக் கூலியைக் குறைக்கும் கணக்கும் இதுவேயன்றோ?

1989-இல் வெளிவந்து ஊரெல்லாம் ஓடிய 'கரகாட்டக்காரன்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக் கலைஞர்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த படம். அதிலும் முடிவிலே அவர்கள் தீ மிதித்துத்தான் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. படம் முழுதும் காட்டிய திறமை போதவில்லை; தெய்வத்தின் நற்சான்று தேவைப்படுகிறது!

ஆகவே, பகுத்தறிவாளன் செய்ய வேண்டிய முதல் வேலை ஆட்டத்தை அழிப்பதன்று; ஆட்டத்தின் புகழை ஆடியவரிடம் திருப்பித் தருவது.

பழமை மட்டும் போதுமா?

இக்கலைகள் தொன்மையானவை என்பதில் ஐயமில்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை, நெய்தலுக்கு மீன்கோட் பறை என உரைகாரர் விரித்துரைப்பர். மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டொன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையும் பெருமையோடு எண்ணுகிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடல்களிலே குடக்கூத்தும் ஒன்று. இன்றைய கரகத்தை அதனோடு உறவுபடுத்திக் காண்போர் பலர்.

இவற்றைக் கூறிப் பெருமிதம் கொள்ளலாம்; தவறில்லை. ஆனால் பழமையைக் காட்டி மட்டுமே ஒரு கலைக்குப் பாதுகாப்புத் தேடினோமானால், நாம் நமது வாளையே மழுங்கச் செய்தவர்களாவோம். பழையது என்பதற்காகவே ஒன்றை ஏற்கலாமென்றால், சாதியும் பழையதே, பெண்ணடிமையும் பழையதே! "அன்று கலை தூயதாயிருந்தது, பிற்காலத்தில்தான் மதம் வந்து கலந்தது" என்று கூறித் தப்பிப்பதும் முழு உண்மையாகாது. குன்றக் குரவை முருகனுக்காக ஆடப்பட்டது. வேட்டுவ வரி கொற்றவைக்காக. ஆய்ச்சியர் குரவை மாயோனுக்காக. வழிபாடும் ஆட்டமும் அன்றும் கலந்தே இருந்தன.

எனவே "எங்கே பிறந்தது?" என்பது நமக்குரிய கேள்வியன்று. "இன்று யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது?" என்பதே கேள்வி.

தோலா தீட்டு, தோளா தீட்டு?

அந்தக் கேள்வியோடு பறையின் பக்கம் வருவோம்.

வேப்ப மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புப் பட்டையால் இணைத்து, மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வெயிலிலே காயவைத்து உருவாக்கும் கருவி அது. செய்வதற்கே தேர்ந்த கை வேண்டும். விழா நடக்கப்போவதை ஊருக்குச் சாட்டுவது அந்தப் பறைதான். சாமி புறப்பாட்டுக்கு முன்செல்வதும் அதுவே. சாவு விழுந்தாலும் முதலில் தேடப்படுவது அதுவே. பறையின்றி ஊருக்கு நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. ஆனால் பறையை அடித்தவனுக்கு ஊரிலே இடமில்லை! அவன் எழுப்பிய ஒலி கருவறைவரை செல்லும். எழுப்பிய கை வாயிற்படியைத் தாண்டலாகாது என்றிருந்தது. "மாட்டுத் தோலைத் தொடுகிறான், அதனால் தீட்டு" என்று காரணம் வேறு கூறினார்கள்.

நாம் கேட்கிறோம்: மிருதங்கத்திலே இருப்பது என்ன, மலரிதழா? அதிலும் மாட்டுத் தோல் உண்டு. கோயில் தவிலிலே இருப்பது என்ன? அதுவும் தோலே! அந்தத் தோல்கள் மட்டும் கச்சேரி மேடை ஏறின. கோயில் மண்டபத்திற்குள் நுழைந்தன. அப்படியானால் தீட்டு தோலிலே இல்லை. அதைச் சுமக்கும் தோளிலே, அந்தத் தோளுக்குரியவன் பிறந்த குடியிலே ஏற்றி வைக்கப்பட்டது. அந்தக் குடியின் பெயரே ஆங்கிலத்திலும் புகுந்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளில் அகராதியிலே அமர்ந்துவிட்டது. உலகத்தின் எந்தக் கருவிக்கு, எந்தக் கலைஞனுக்கு நேர்ந்தது இத்தகைய கொடுமை?

சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றும், கட்டாய ஊழியம் கூடாதென்றும் அரசியல் சட்டம் 1950-இல் முழங்கிற்று. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சட்டங்கள் வந்தன; வழக்கம் அத்தனை விரைவில் மாறவில்லை. சாவுக்குப் பறை அடிப்பதும், விழாவுக்கு அடிப்பதும், அறுவடைக் களத்தில் ஊரார் அளக்கும் நெல்லை வாங்கிக்கொள்வதும் பிறவிக் கடமை என்றே பல ஊர்களிலே கருதப்பட்டன. விலை பேசும் உரிமை இல்லை; நாள் குறிக்கும் உரிமை இல்லை; "இன்று உடம்பு சரியில்லை" என்று கூறும் உரிமைகூட இல்லை. அதனாற்றான் அந்தக் குடிகளிலே படித்து எழுந்த இளைஞர்கள், "பறையைத் தொடமாட்டோம்" என்று சூளுரைத்தனர். சில இடங்களிலே கருவியை உடைத்தனர்; எரித்தனர்.

அதைக் கண்டு "ஐயோ, கலை அழிகிறதே!" என்று கண்ணீர் உகுத்தோர் உண்டு. அவர்களை நாம் கேட்போம்: கலை அழிகிறது என்று கலங்கிய உள்ளம், அக்கலைஞன் குடிசைக்கு வெளியே நின்று கஞ்சி வாங்கியபோது ஏன் கலங்கவில்லை? இசை அழிந்ததற்காக அவன் பறையை எரிக்கவில்லை. இழிவு அழியட்டும் என்று எரித்தான். அந்தத் தீ நியாயமான தீ.

கலை பிழைத்தது, கலைஞர்?

அப்படியானால் முதற்குரலே சரியா? விழாவோடு ஆட்டத்தையும் ஒழித்துவிடலாமா? அதற்குமுன், அண்மைக் கால வரலாற்றிலிருந்து ஒரு பாடத்தைப் படிப்போம்.

கோயில்களிலே பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் சதிர் ஆடினர். அந்த முறையின் கொடுமையை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று முழங்கினார். 1936-இல் தமது புதினத்தாலும் அதன் முகமூடியைக் கிழித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். 1929-இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. 1947-இல் பொட்டுக் கட்டும் வழக்கமே தடை செய்யப்பட்டது. மனிதத்தன்மை பெற்ற மாபெரும் வெற்றி அது. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஆட்டம் என்னவாயிற்று? அழியவில்லை. பரதநாட்டியம் என்னும் பெயரோடு நகர மேடைக்கு வந்தது. 1936-இல் கலாட்சேத்திரம் தோன்றிற்று. உயர்சாதி இல்லங்களின் பெண்கள் பெருமையோடு சலங்கை கட்டினர். உலகமெல்லாம் சென்று பாராட்டும் பெற்றனர். அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பத்துப் பெண்களோ, பாலசரசுவதி போன்ற ஒரு சிலரைத் தவிர, மேடையிலிருந்து மறைந்தனர். நட்டுவனார்களிடமிருந்து கலையைப் பெற்றுக்கொண்ட புதிய உலகம், அந்தக் குடியின் பெண்களுக்கு மேடையில் இடம் கொடுக்கவில்லை. கொடுமை ஒழிந்தது, நன்று. கலை பிழைத்தது, நன்று. கலைஞர் மட்டும் தமது கலைக்கே அயலாராயினர். இது நன்றா?

கரகத்துக்கும் பறைக்கும் இந்த நிலை வந்துவிடக் கூடாது. தீட்டு என்று தள்ளியவர்களே நாளை 'பாரம்பரியம்' என்று பெயர் சூட்டி, காற்றுப் பதப்படுத்திய அரங்கிலே கட்டணம் வைத்து ஆடுவர். கற்றுக்கொடுத்த ஆசான் அரங்க வாயிலிலே அழைப்பிதழ் இல்லாமல் நிற்பார். ஆட்டத்தை ஒழிப்பதும் தீர்வாகாது. ஆட்டத்தை மட்டும் காப்பதும் தீர்வாகாது.

நமது அளவுகோல்

பின் எதுதான் தீர்வு? நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். ஒரு கலை விடுதலை பெற்ற கலையா, வேடமிட்ட அடிமைத்தனமா என்று அறிய மூன்று கேள்விகள் போதும்.

ஆடுகிறவர் "ஆடமாட்டேன்" என்று கூறிவிட்டு அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா? ஆடுகிறவர் தம் ஆட்டத்துக்குத் தாமே விலை குறிக்க முடியுமா? ஆடுகிற குடியிலே பிறந்த பிள்ளை வேறு தொழிலுக்குப் போகவும், வேறு குடியிலே பிறந்த பிள்ளை இந்த ஆட்டத்தைக் கற்க வரவும் முடியுமா?

மூன்றுக்கும் "ஆம்" என்று விடை வருமானால், அது கோயில் முன்றிலில் நடந்தாலும் கலையே. ஒன்றுக்கு "இல்லை" என்று விடை வந்தாலும், அது அரசு விழா மேடையிலே நடந்தாலும் அடிமைத்தனமே. மறுக்க முடியாதவன் அடிப்பது முரசன்று, விலங்கு. அதன் ஒலி எத்தனை இனிமையாயினும் விலங்கின் ஒலியே.

இந்த அளவுகோலுக்கு எதிராக இரண்டு வினாக்கள் எழும். இரண்டும் நேர்மையானவை.

"ஆடமாட்டேன் என்று சொல்ல வயிறு விடுமா?" என்பது ஒன்று. ஆட்டக் கலைஞர்களின் வாழ்வு பங்குனி, சித்திரை, ஆடி ஆகிய திங்கள்களை நம்பியது; அந்தப் பருவத்து வருவாயிலேதான் மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, விழாக்கள் நின்றன. பங்குனியும் சித்திரையும் வெறுமையாகக் கழிந்தன. மேளங்கள் மூலையிலே கிடந்தன. கலைஞர் வீட்டு அடுப்புகள் அணைந்தன. திருவிழாவைப் பழிப்பது நமக்கு எளிது. அந்தத் திருவிழாவே ஒருத்தியின் ஆண்டுச் சம்பளம் என்பதை மறக்கலாகாது. எனவே, "கோயிலிலே ஆடாதே" என்று அவளிடம் கூறுமுன், ஆடுவதற்கு வேறு களம் அமைத்துத் தந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அமைந்தது. அதே ஆண்டில் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் இக்கலைகளைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கங்கள். ஆனால் ஒரு நகரத்துச் சில நாள் விழா, ஓராண்டுச் சோற்றுக்கு ஈடாகாது.

"கலைஞரே மாரியை மனமார நம்பி ஆடினால்?" என்பது இரண்டாவது வினா. நம்பட்டும்! நம்பிக்கையை நாம் வாதத்தால் எதிர்ப்போம். வாழ்வைப் பறித்து எதிர்க்கமாட்டோம். அவளோடு அமர்ந்து பேசுவோம்: "அம்மா, இந்தக் குடம் நிற்பது உன் கழுத்தின் திறமையால்" என்று எடுத்துரைப்போம். ஏற்பதும் மறுப்பதும் அவள் உரிமை. மறுக்கும் உரிமையை அளவுகோலாக வைத்துவிட்டு, நம் கருத்தை மட்டும் மறுக்கலாகாது என்போமானால், நாம் புதிய பூசாரிகளாகிவிடுவோம்.

மாற்றம் வந்திருக்கிறது, ஆனால்…

காலம் அசையாமல் இல்லை. ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட பறையைத் திண்டுக்கல் வட்டாரத்தில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் இடுப்பிலே கட்டினர்; இழிவு என்று ஊர் கூறியதை எழுச்சி என்று அடித்துக் காட்டினர். அலங்காநல்லூரின் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கு 2025-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் பறை கற்கிறார்கள். போராட்டக் களங்களிலே பறை முழங்குகிறது. எரித்த கையே மீண்டும் எடுத்திருக்கிறது. இம்முறை கட்டளைக்காக எடுக்கவில்லை, விருப்பத்தால் எடுத்திருக்கிறது.

மகிழ்வோம்; ஆனால் மயங்க வேண்டாம். நகரத்து மாணவன் கையிலே விடுதலைக் கருவியாக விளங்கும் அதே பறை, ஏதோ ஒரு சிற்றூரிலே முதியவர் ஒருவரின் கையில் ஊர்க் கட்டளையாக இன்னும் தொங்கக்கூடும். கரகம் ஆடும் பெண்ணை அருகழைத்து, ரூபாய் நோட்டைச் சட்டையிலே குத்தும் கயவர் கூட்டம் இன்னும் மறையவில்லை. "ஆட்டத்திலே ஆபாசம்" என்று அவளையே பழிக்கிறார்கள். விழா நடன நிகழ்ச்சிகளுக்கு ஆபாசம் கூடாதென்று நிபந்தனை விதித்து உயர் நீதிமன்றம் பலமுறை அனுமதி வழங்கியிருக்கிறது. நிபந்தனை நன்று. ஆனால் ஆபாசத்தைக் கேட்டது யார்? காசு கொடுத்துக் கூவியது யார்? மேடையில் நின்றவள் மட்டும் கூண்டில் ஏற, முன்வரிசையில் அமர்ந்தவன் முதல் மரியாதை பெறுவது என்ன நீதி?

இளைஞர்களே, இது ஏட்டிலே முடிய வேண்டிய செய்தியன்று. அடுத்த பங்குனியில் உங்கள் ஊரிலும் மேளம் முழங்கும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. கலைஞருக்குப் பேசிய கூலி முன்னதாகவே தரப்பட்டதா என்று கேளுங்கள். ஊரார் உண்ணும் பந்தியிலேயே அவர்களும் உண்கிறார்களா என்று பாருங்கள். இல்லையேல் நீங்கள் எழுந்து அவர்களோடு உண்ணுங்கள். ஆடும் பெண்மீது கை நீளுமானால், அந்தக் கையைத் தடுக்கும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று ஒரு குடும்பம் கூறினால், அவர்கள் பக்கத்திலே நில்லுங்கள். பொங்கல் விழாவுக்கும், திருமணத்துக்கும், பள்ளி ஆண்டு விழாவுக்கும் அவர்களை அழையுங்கள். மற்றக் கலைஞருக்குத் தரும் ஊதியத்தையே தாருங்கள். பறை கற்கும் ஆவலிருந்தால் ஆசானை நாடிச் சென்று, கட்டணம் தந்து கற்றுக்கொள்ளுங்கள். மேடையிலே அவர் பெயரைக் கூறிவிட்டு அடியுங்கள்.

கடவுளுக்காக ஆடப்பட்ட ஆட்டம் மனிதனுக்காக ஆடப்படும் நாள் வரும். அந்த நாளிலும் குடம் தலையிலே நிற்கும், பறை தீயிலே காயும், கால்கள் துடிக்கும். "இன்று ஆட விருப்பமில்லை" என்று அந்தக் கலைஞர் கூறினால், "சரி, நாளை பார்ப்போம்" என்று ஊர் விடைகூறும். அந்த ஒரு விடையை ஊரின் வாயிலிருந்து வரச்செய்வதே நம் பணி!